கைராசியும் அறைச்செடியும்

செங்கற்பட்டு என்னும் ஊர்ப்பெயர் செங்கழுநீர்ப்பட்டு என்பதன் மரூஉ என்பர். ஒரு நீர்ப்பூவின் பெயரை அவ்வூர் தாங்கி நிற்கின்றது. அவ்வூரின் பெயரை 2019-ஆம் ஆண்டு முதல் ஒரு மாவட்டமே தாங்கி நிற்கின்றது. கிழக்கே கடல், அதன் கரையில் அடம்பும் தாழையும் புன்னையும். மேற்கே ஏரிகளும் செம்மண் மேடுகளும். அவற்றினிடையே காரையும் சூரையும் களாவும் பின்னிக் கிடக்கும் புதர்க்காடு. இத்தகைய நாட்டில் வாழும் நம் மாணவருட் பலர், ‘எனக்குச் செடி வளர்க்கும் கைராசி இல்லை’ என்று கூறக் கேட்கின்றோம். கைராசி என ஒன்று இல்லை என்பதும், செடி வளர்த்தல் யாவர்க்கும் கைகூடும் ஒரு பழக்கமே என்பதும், அப்பழக்கத்தைத் தொடங்குவோர் நம் மண்ணிற்கு உரிய ஓர் எளிய செடியினின்று தொடங்குதலே நலம் என்பதும் யான் ஈண்டு நிறுவ விழையும் கருத்துக்களாம்.

விடுதிகள் யாவற்றினும் ஆண்டுதோறும் காணப்படும் காட்சி ஒன்று உண்டு. ஆடி, ஆவணித் திங்கள்களிற் புதிதாய் வந்த மாணவர், அறைக்கு அழகு செய்வான் வேண்டிச் சாலையோர நாற்றுப்பண்ணைகளினின்று சிறு சிறு தொட்டிகளை வாங்கி வருவர். பலகணி ஓரத்தும் மேசை மீதும் பசுமை விளங்கும். ஐப்பசி மழை தொடங்குங்கால் அவற்றுட் பாதி மஞ்சளித்துப் போம். கோடை விடுமுறைக்குப் பின் தாழ்வாரத்தின் கோடியில் வெறுந்தொட்டிகள் வரிசையாய்க் கவிழ்ந்து கிடக்கும். போனது சில நூறு ரூபாய்தானே என்பார் என்க. எனக்கு வருத்தம் தருவது பொருளிழப்பு அன்று. ஒரு செடியை இழந்த இளைஞர், ‘உயிருள்ள ஒன்றைப் பேணும் தகுதி எனக்கு இல்லை’ என்று தம்மைப்பற்றியே ஒரு தீர்ப்பு எழுதிக்கொள்கின்றாரே, அதுவே பேரிழப்பு. பதினெட்டு வயதில் எழுதிக்கொண்ட தீர்ப்பு எளிதில் அழிவதன்று. பின்னாளில் வீடு கட்டுவோர் முற்றம் முழுவதும் சிமிட்டி பூசிவிடுவதற்கும், வாயிலில் நின்ற வேம்பை வெட்டுவதற்குத் தயங்காமைக்கும் இத்தகைய சிறு தோல்விகள் ஒரு காரணமாதல் கூடும் என்று கருதுகின்றேன்.

யானும் அத்தீர்ப்பை ஒருகால் எழுதிக்கொண்டவனே. மாணவனாய் இருந்த நாளில் என் மேசைமேல் வைத்த முதற் செடிக்கு நாள் தவறாது காலையும் மாலையும் ஒரு குவளை நீர் வார்த்தேன். அஃது அன்பு என்று எண்ணினேன். நாற்பது நாளில் அதன் அடித்தண்டு கூழாயிற்று. அன்பின்மையால் அன்று, அறியாமை கலந்த அன்பினாலேயே அதனைக் கொன்றேன் என்பது பல ஆண்டு கழித்தே எனக்கு விளங்கிற்று.

நிற்க. கைராசி என்பது பொய்யாயின், செடிகள் மாய்வதற்கு உண்மைக் காரணந்தான் யாது? இரண்டு காரணங்களைக் கூறலாம். ஒன்று மிகுநீர், மற்றொன்று குறையொளி.

நம்மைப் போலவே வேரும் மூச்சு விடுகின்றது. மண்துகள்களுக்கு இடையே உள்ள நுண்துளைகளில் நிற்கும் காற்றே அதற்கு உயிர்ப்பு. நீர் ஓயாது வார்க்கப்படின் அத்துளைகள் நீரால் அடைபடும். வேர் மூச்சுத் திணறும். பின்னர்ப் பூசணம் பற்றி அழுகும். அழுகிய வேர் நீரை உறிஞ்சாது. ஆகலின், ஈரமண்ணில் நின்றுகொண்டே இலை வாடும். தொடக்கத்தார் அவ்வாட்டத்தைக் கண்டு, ‘தாகம் போலும்’ என்று மேலும் நீர் வார்ப்பர். நோயாளிக்கு நோயையே மருந்தாக ஊட்டுவது போலாம் இது. உழுதல், எருவிடுதல், களைகட்டல், நீர்விடல் என உழவின் தொழில்களை எண்ணிக்கொண்டு வந்த திருவள்ளுவர், இறுதியில் நீரினும் காவலையே மேலாக வைத்தது எத்துணை ஆழ்ந்த நோக்கு! நாள்தோறும் சென்று காண்பதே காவல். நாள்தோறும் நீரை ஊற்றுவது காவலன்று.

இனி ஒளியின் இயல்பைக் காண்போம். நம் கண் ஒரு வஞ்சகமான அளவுகோல். வெயிலினின்று அறைக்குள் நுழைந்த சிறிது நேரத்தில் அறையும் நமக்குப் போதிய வெளிச்சமாகவே தோன்றும். ஆயின் நண்பகல் வெயிலின் ஒளி ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் அளவாக இருக்க, நம் அறைகளின் நடுவிடத்து ஒளி பெரும்பாலும் 100 முதல் 500 லக்ஸ் அளவினதே. இருநூறு பங்கில் ஒரு பங்கு அல்லது அதனினும் குறைவு! ஒளியே செடிக்கு உணவு சமைக்கும் அடுப்பு. அடுப்பு சிறிதாகிய வீட்டில் பெருந்தீனிக்காரனை விருந்தழைத்தல் தகுமோ? வெயிலை விரும்பும் துளசியையும் ரோசாவையும் அறைக்குள் வைத்து, அவை நலிந்தபின் கைராசியை நொந்துகொள்வது இத்தகைய விருந்தே.

கைராசியின்மை என்னும் பேச்சை மறுக்க மேல்நாட்டு வரலாறு ஒன்று பெரிதும் துணைசெய்யும். நதானியேல் பாக்ஷா வார்டு என்பவர் இலண்டன் மாநகரத்து மருத்துவர். தம் தோட்டத்துப் பாறைச்சுவரில் பெரணிகளை வளர்க்க ஆசைப்பட்டார். நகரின் நிலக்கரிப் புகையால் அவை ஒன்றன்பின் ஒன்றாய் மாய்ந்தன. 1829-ஆம் ஆண்டில் அவர் ஓர் அந்துப்பூச்சியின் கூட்டை ஈரமண்ணொடு கண்ணாடிப் புட்டியில் இட்டு மூடி வைத்தார். பூச்சியின் பொருட்டு வைத்த அம்மண்ணில் ஒரு பெரணி தானே முளைத்தது. தோட்டத்தில் அவர் கைக்கு வாராத செடி, அவர் கை படாத புட்டியுள் செழித்தது! இதனினின்று அவர் கண்ணாடிப் பேழைகளைச் சமைத்தார். 1833-இல் அப்பேழைகளில் இலண்டனினின்று சிட்னிக்குக் கப்பலேறிய செடிகள் உயிரோடு சென்று சேர்ந்தன. பின்னர்த் தேயிலைச் செடிகள் சீனத்தினின்று இந்தியாவிற்கு வந்ததும் அத்தகைய பேழைகளிலேயே. வார்டின் கை மாறவில்லை. செடி நின்ற இடமே மாறிற்று. இடமறிதலே கைராசி என்று இதனால் அறிகின்றோம்.

இனி, எச்செடியினின்று தொடங்குவது? கடைகளில் ‘தொடங்குவோர்க்கு ஏற்றவை’ எனச் சொல்லி விற்கப்படுவன பெரும்பாலும் மூன்று. பாம்புத்தோல் போன்ற வரியுடைய நெடிய இலைச்செடி ஒன்று. அது மேலை ஆப்பிரிக்கக் காடுகளினின்று வந்தது. மெழுகு பூசியன்ன இலைகளையுடைய ‘சீசீ’ செடி ஒன்று. அது கீழை ஆப்பிரிக்காவினது. மணிபிளாண்ட் என்னும் கொடி ஒன்று. அதன் தாயகம் பசிபிக் கடல் நடுவேயுள்ள மூரியா என்னும் தீவு. இவை மூன்றும் எளியவை என்பதில் ஐயமில்லை. ஆயினும், பாம்பு வரி இலையைத் தேடிப் பொருள்கொடுத்து வாங்கும் நம்முள் எத்தனை பேர், அதன் உடன்பிறப்பு நம் புதர்க்காட்டில் வேலியோரத்து நிற்பதை அறிவோம்?

அதுவே மருள். தாவர நூலார் அதனைச் சான்சிவீரியா ராக்ஸ்பர்கியானா என வழங்கினர். அண்மை ஆண்டுகளில் அவ்வினம் முழுவதையும் டிரசீனா என்னும் பேரினத்துள் அடக்கியுள்ளனர். 1776-இல் சென்னைக்கு வந்து, சோழமண்டலக் கரையின் செடிகொடிகளை ஓவியங்களொடு பெருநூலாக வெளியிட்ட வில்லியம் ராக்ஸ்பரோவின் பெயரையே அச்செடி தாங்கி நிற்கின்றது. அதன் இலைநாரை முறுக்கி வில்லிற்கு நாண் செய்தனர் என்பது அதன் வடமொழிப் பெயரான மூர்வா என்பதனாலும், ஆங்கிலர் அதற்கு இட்ட ‘வில்நாண் சணல்’ என்னும் பொருளுடைய பெயராலும் விளங்கும். வாளினைப் போல் நிமிர்ந்து, உட்குழிந்து, கரும்பச்சை வரி ஓடிய இலைகள். தரைக்குள் ஊர்ந்து செல்லும் கிழங்கு. கள்ளி, கற்றாழைகளோடு பாறையிடுக்கிலும் மர நிழலிலும் ஒருங்கே வாழும் பொறுமை அதன் குணம்.

அப்பொறுமைக்கும் ஒரு சூட்சுமம் உண்டு. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமிலவாயுவை உட்கொள்ளும். அவ்வழியே அவற்றின் நீரும் ஆவியாய்க் கழியும். மருளும் கற்றாழையும் அங்ஙனம் செய்யா. பகல் வெப்பத்தில் வாயில்களை அடைத்து, இரவின் குளிர்ச்சியில் திறந்து, கொண்ட வாயுவை அமிலமாக்கிச் சேமித்து, மறுநாள் ஒளி வந்தபின் உணவு சமைக்கும். ஆகலின் அவற்றின் நீர்ச்செலவு மிகக் குறைவு. அக்கினி நட்சத்திரத்து நாள்களில் இரண்டு, மூன்று வாரம் நீரின்றியும் மருள் தளராமைக்கு இதுவே காரணம். விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர்க்கு இதனினும் ஏற்ற தோழன் வேறு யாது?

மருளை வளர்க்கும் முறையைச் சுருங்கக் கூறுவேன். அடியில் துளையுடைய மண்தொட்டி ஒன்று கொள்க. சுடுமண் தொட்டியின் சுவரே ஈரத்தை வெளியே கசியவிடும். அதனால் நீர் மிகுந்தாலும் ஓரளவு தாங்கும். செம்மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்கு மட்கிய தொழுவுரம் ஒரு பங்கு கலந்து நிரப்புக. மணல் என்றதும் கோவளம் அல்லது மாமல்லபுரத்துக் கடற்கரை மணலை அள்ளி வருவாரும் உளர். அதிற் கலந்துள்ள உப்பு வேரைக் கருக்கும். மணல் கிடையாவிடின் செங்கற்பொடி போதும். கிழங்கின் ஒரு துண்டை, ஒன்றிரண்டு இலைகளொடு, மேலோட்டமாகப் புதைத்துப் பலகணிக்கு நான்கைந்து அடிக்குள் வைக்க. பின்னர்ச் செய்ய வேண்டுவது ஒன்றே: சுட்டுவிரலை இரண்டு கணு அளவு மண்ணில் இறக்கிப் பார்க்க. விரலில் ஈரம் ஒட்டினால் நீர் வார்த்தல் வேண்டா. முற்றும் உலர்ந்திருப்பின், அடித்துளை வழியே நீர் வெளிவரும் வரை வார்த்து, தட்டில் தங்கியதைக் கொட்டிவிடுக.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கேட்பார்க்கு நாட்கணக்குக் கூறல் இயலாது. இடமும் பருவமுமே விடை கூறும். வண்டலூர், மறைமலைநகர்ப் பக்கத்துக் கோடையில் பத்து நாளில் உலரும் தொட்டி, கடற்காற்றின் ஈரம் படியும் திருவிடந்தைப் பக்கத்தே இன்னும் சில நாள் தாங்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அதே தொட்டி ஒரு திங்கள் வரை ஈரமாய் இருத்தல் கூடும். நம் விடுதிச் செடிகள் பெரும்பாலும் கோடையில் மாய்வதினும் மழைக்காலத்திலேயே மாய்கின்றன என்பதற்குக் காரணம் இதுவே. வெளியே மழை பொழிய, உள்ளே நாமும் பொழிகின்றோம்!

கடற்கரை வாழ்வார்க்கு ஒரு குறிப்பு. கரையோரத்துக் கிணறுகள் பலவற்றில் நீர் உவர்ப்புற்றுள்ளது. அந்நீரையே தொடர்ந்து வார்ப்பின் உப்பு மண்ணிற் படிந்து இலைநுனி கருகும். குடிநீரைத் தூய்மை செய்யும் பொறிகள் கழித்து வெளியேற்றும் நீரைச் ‘செடிக்காவது ஆகட்டும்’ என்று ஊற்றுவாரும் உளர். நீரின் உப்பெல்லாம் திரண்டிருப்பது அக்கழிவிலேயே என்பதை அவர் எண்ணிப் பார்ப்பது நன்று. மழைநீரைப் பிடித்து வைத்து வார்த்தல் சிறந்தது. இயலாதாயின், மழை பெய்யும் ஒரு நாளில் தொட்டியைச் சிறிது நேரம் வெளியில் வைத்துப் படிந்த உப்பு கரைந்தோடச் செய்க.

ஓராண்டு மருளைப் பேணியவர் அடுத்த படிக்கு ஏறலாம். வெயில் சிறிது வந்து விழும் பலகணியாயின் சோற்றுக்கற்றாழையும் கற்பூரவல்லியும் ஏற்றவை. கற்பூரவல்லியின் காம்பு ஒன்றைக் கிள்ளி நட்டால் வேர் கொள்ளும். இருமல் வந்த நாளில் அதன் இலை அயலறை நண்பர்க்கும் உதவும். வெயில் விழாது வெளிச்சம் மட்டும் உள்ள இடமாயின் வெற்றிலைக் கொடியை முயல்க. அகத்தி நிழலிற் பயிராகும் அக்கொடி நேர்வெயிலை வேண்டாது. ஆயின் மருளைப் போலன்றி ஈரத்தை வேண்டும். மணிபிளாண்டின் இதயவடிவ இலையை விரும்புவோர், அதனினும் மணமும் பயனும் உடைய இதனை ஏன் மறந்தனரோ அறியேன்.

இனி, செடி வாங்குவோர் கூறும் நோக்கங்களைச் சிறிது ஆராய்வோம். அவற்றுட் பல மெய்யல்ல. மெய்யல்லாத நோக்கத்தில் தொடங்கிய தொடர்பு நெடுநாள் நில்லாது.

முதலாவது, செல்வம் பெருகும் என்பது. மணிபிளாண்டை விலைக்கு வாங்கலாகாது, பிறர் வீட்டினின்று திருடிவந்து நட்டாலே பணம் சேரும் என்று ஒரு கதை உலவுகின்றது. களவினால் வளம் வரும் என்று கல்வி கற்ற இளைஞர் விளையாட்டிற்கேனும் நம்புதல் நன்றன்று. கேட்டால் எவரும் மறாது ஒடித்துத் தரும் கொடியை ஏன் திருட வேண்டும்?

இரண்டாவது, காற்று தூயதாகும் என்பது. 1989-ஆம் ஆண்டில் அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனத்தார், செடிகள் காற்றிலுள்ள சில நச்சு ஆவிகளைக் குறைத்தல் கூடுமா என ஆராய்ந்தது உண்மை. ஆயின் அவ்வாராய்ச்சி காற்றுப் புகாது மூடிய சிறு பெட்டிகளில் நிகழ்ந்தது. அத்தகைய ஆராய்ச்சிகள் பலவற்றைத் திரட்டிக் கணக்கிட்ட அமெரிக்க ஆய்வாளர் இருவர், ஒரு கட்டடத்தில் இயல்பாக நிகழும் காற்றோட்டத்திற்கு ஈடு செய்யத் தரையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 10 முதல் 1,000 செடிகள் வேண்டும் என்று 2019-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அத்தனை தொட்டி வைத்தபின் மாணவர்க்கு நிற்க இடமேது? பலகணியைத் திறந்தாலே போதும். மருள் இனச் செடி இரவில் உயிர்வாயுவை வெளிவிடும் என்பதும் பிழை. அஃது இரவில் கரியமிலவாயுவை உட்கொள்ளும் என்பதே மெய். உயிர்வாயு பிறப்பதற்கு ஒளி வேண்டும்.

மூன்றாவது, பிறர் காண்பதற்கு அழகு என்பது. மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில், ஒற்றைக் காலில் நின்று கைகளை மேலே உயர்த்தித் தவம் புரிகின்றான் ஒரு முனிவன். அவன் காணப்படும் அதே பாறையில் ஒரு பூனையும் அவ்வாறே நின்று தவம் புரிகின்றது, அதனருகே எலிகள். காண்பார் பொருட்டு நிகழ்வது எது, தன்பொருட்டு நிகழ்வது எது என்பதைச் சிற்பி நகையோடு காட்டியுள்ளான். படம் எடுத்துப் பிறர்க்குக் காட்டுதற்கென்றே வாங்கிய செடி, படம் எடுத்த மறுநாளே மறக்கப்படும். இது பூனைத்தவமே.

அங்ஙனமாயின் செடி வளர்ப்பதற்கு மெய்யான நோக்கம் யாது? நம்மையன்றி வேறு துணையில்லாத ஓர் உயிரை நோக்கக் கற்றல் என்பேன். நமக்கு ஏவல் செய்யாது, நம்மைப் புகழாது, பசித்தால் அழாது. இலையின் நிறத்தாலும் மண்ணின் ஈரத்தாலுமே தன் நிலையைக் கூறும். அம்மொழியைக் கற்பவர், பேசாத பிறர் துயரையும் கற்பர். கல்லூரிக் கல்வி தரும் பட்டங்களுள் இடம்பெறாத படிப்பு இது.

என் கருத்துக்கு இரண்டு தடைகளை எதிர்பார்க்கின்றேன். ‘வெளியே காடும் மரமும் இருக்க, அறைக்குள் ஒரு தொட்டியை வைத்துப் பேணுவது செல்வர் பொழுதுபோக்கு அன்றோ?’ என்பது ஒன்று. 1937-ஆம் ஆண்டில் நகர நெரிசலை விட்டுத் தாம்பரத்திற் குடியேறிய சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் வரலாற்றை நோக்குக. அந்நிலத்தின் புதர்க்காட்டைக் காத்ததோடு, அங்கே மரங்கள் பலவற்றை நட்டுப் பேணியவர் வேதியியற் பேராசிரியர் எட்வர்டு பார்ன்சும் அவர்தம் துணைவியார் ஆலிசும் ஆவர். தாவரவியல் அவர் பிழைப்பன்று. நோக்குதலே அவர் பழக்கம். இன்று அந்நிழலில் நடப்போர், ஒரு காலத்தில் ஒருவர் கன்றுகளுக்கு வேலியிட்டுக் காத்ததன் பயனை நுகர்கின்றனர். காட்டைக் காக்கும் உள்ளம் காட்டினின்று தொடங்குவதில்லை. ஒரு கன்றினின்றே தொடங்குகின்றது. நிலமில்லாத மாணவர்க்கு ஒரு தொட்டியே நிலம். மேலும் மருளுக்கும் கற்பூரவல்லிக்கும் பொருள் வேண்டுவதில்லை. நண்பர் தொட்டியின் ஒரு துண்டு போதும்.

‘நம் நாட்டுச் செடியே வளர்க்க வேண்டும் என்பது குறுகிய நோக்கு அன்றோ?’ என்பது மற்றொன்று. அயல்நாட்டுச் செடியை யான் வெறுக்கவில்லை. மிளகாயும் நிலக்கடலையும் அயலினின்று வந்தவையே. அவையின்றி நம் சமையல் நடவாது. யான் வேண்டுவது இரண்டே. தன் வாயிலில் நிற்பதை அறியாது அயலதை மட்டும் நாடற்க என்பது ஒன்று. அயலதைக் கொண்டால் அதனை அறைக்குள்ளேயே காக்க என்பது மற்றொன்று. அடங்கிய கொடியெனத் தோன்றும் மணிபிளாண்ட், இலங்கையில் வீட்டுத்தோட்டங்களினின்று தப்பிச் சென்று காட்டு மரங்களின்மீது படர்ந்து பரவியுள்ளது. வேண்டாத கொடியை ஏரிக்கரையில் எறிவார், ஏரிக்கு ஒரு புதிய பகையைச் செய்கின்றார். நம் ஏரிகளை ஆகாயத்தாமரை மூடிய கதையை மீண்டும் ஒருமுறை எழுத வேண்டுமோ?

நம் செடியை நாடுவார்க்கும் ஒரு கடிவாளம் உண்டு. மருள் காட்டில் இருக்கின்றது என்றேன். காட்டினின்று பெயர்த்து வருக என்றேனில்லை. காப்புக்காட்டிற் செடியைப் பெயர்த்தல் சட்டத்திற்கும் மாறு, அறத்திற்கும் மாறு. நூறு மாணவர் நூறு கிழங்கு பெயர்ப்பின் அம்மேடு வெறிதாகும். செங்கற்பட்டை அடுத்த தண்டரையில் 1986-இல் தோன்றிய இருளர் பழங்குடி மகளிர் நலச் சங்கத்தார், காட்டு மூலிகைகளையும் மரங்களையும் நாற்றங்காலில் வளர்த்துக் காட்டி வழிகாட்டியுள்ளனர். காட்டை எவரினும் நன்கறிந்த அம்மகளிரே அதனைச் சூறையாடாது கன்று வளர்த்து ஈந்தனர் எனின், புத்தகம் மட்டும் கற்ற நமக்கு வேறு நெறி ஏது? நாற்றங்காலில் வாங்குக, அன்றேல் நண்பரிடம் கேட்டுப் பெறுக.

உடல்நலம் பற்றியும் இரண்டு சொற்கள் கூறாது விடுதல் தகாது. மணிபிளாண்டைக் கண்ணாடிப் புட்டி நீரில் நட்டு வைத்தலும், தொட்டியின் கீழுள்ள தட்டில் நீர் தேங்கவிடுதலும் நம்மிடை மிகுதி. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு நாடுவது சாக்கடையையன்று. வீட்டினுள் தேங்கிய இத்தகைய தெளிந்த நீரையே. அது முட்டையினின்று வளர்ந்து பறப்பதற்கு ஏறத்தாழ ஒரு கிழமை முதல் பத்து நாளே செல்லும். அதன் முட்டைகள் பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு, நீர் வற்றியபின்னும் பல திங்கள் உயிரோடு கிடக்கும். ஆகலின் நீரை மாற்றினால் மட்டும் போதாது; கிழமைக்கு ஒருமுறை புட்டியின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். இதற்குச் சோம்புவோர் மண்ணிலேயே நடுக. மற்றொன்று: மணிபிளாண்ட், சீசீ செடி முதலியவற்றின் சாற்றில் ஊசிபோன்ற நுண்படிகங்கள் உள, குழந்தைகள் இலையைக் கடிப்பின் வாயும் நாவும் எரிந்து வீங்கும். மருள் இனத்தையும் உண்ணலாகாது. குழந்தையும் பூனையும் உள்ள வீட்டில் எட்டாத உயரத்தில் வைத்தல் அறிவுடைமை.

கிறித்தவக் கல்லூரியிற் பயில்வோர் யோனாவின் வரலாற்றை அறிவர். நினிவே நகருக்கு வெளியே வெயிலில் அமர்ந்த அத்தீர்க்கதரிசியின் தலைக்குமேல் ஓர் ஆமணக்குச் செடி ஒரே இரவில் வளர்ந்து நிழல் தந்தது. மறுநாள் ஒரு பூச்சி அரிக்க அது பட்டுப்போயிற்று. அவன் கொண்ட சினமும் துயரும் பெரிது. தான் உழைத்து வளர்க்காத செடிக்காக இத்துணை இரங்குகின்றவன், பல்லாயிரம் மக்கள் வாழும் நகருக்காக இரங்க மறுப்பதேன் என்பதே ஆண்டவன் அவனை வினவிய வினா. இவ்வரலாற்றை நினைக்குந்தோறும் எனக்கு ஒன்று தோன்றும். யோனாவின் குறை செடிக்கு இரங்கியதன்று. அவ்விரக்கம் செடியோடு நின்றதே குறை. அதனை உழைத்து வளர்த்திருந்தானாயின் அவன் இரக்கம் இன்னும் நெடுந்தொலைவு சென்றிருக்குமோ என்று எண்ணுகின்றேன். விலைகொடுத்து வாங்கி ஒரு திங்கள் நிழல் நுகர்ந்து எறிவாரும், ஒரு கன்றை ஊன்றிக் காத்தாரும் ஒருவரல்லர்.

காத்தாரை நம் முன்னோர் அறிந்திருந்தனர். நற்றிணையில், விளையாட்டாக மணலிற் புதைத்த புன்னைக்காய் முளைவிட, அதற்குப் பால் பெய்து வளர்த்தாள் ஒரு நெய்தல் நிலத்துப் பெண். அப்புன்னை நின் உடன்பிறந்தாள் என்று தாய் மகளுக்குக் கூறினாள். அதன் நிழலில் காதலனோடு நகையாட மகள் நாணினாள். புன்னை இன்றும் இக்கடற்கரையில் நிற்கின்றது. அதனை உடன்பிறந்தாளாக எண்ணிய உள்ளமே நம்மிடைக் குறைந்தது. கைராசி அப்பெண்ணிற்குப் பிறப்பில் வந்ததன்று. விளையாட்டில் தொடங்கிற்று; நாள்தோறும் நோக்கியதால் முற்றிற்று.

ஆதலின் இவ்விதழைக் கையிற் கொண்டிருக்கும் மாணவ நண்பர்க்கு என் வேண்டுகோள் இதுவே. வரும் பருவத்தில் ஒரு தொட்டி வைக்க. பத்து வேண்டா, ஒன்றே போதும். அதில் மருளின் ஒரு துண்டை நடுக. நாள்தோறும் காண்க, நாள்தோறும் நீர் வாராதொழிக. விடுமுறைக்குச் செல்லும் நாளில் அதனை வெயிலினின்று சற்று விலக்கி வைத்து, அலுவலராய் விடுதியிலேயே தங்கும் பெரியவர் ஒருவரிடம் ‘ஐயா, இதனைச் சிறிது பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று ஒரு சொல் சொல்லிச் செல்க. மீண்டு வந்து கதவைத் திறக்கும்போது அஃது அங்கே நிமிர்ந்து நிற்கும். அதன் பக்கத்தே மண்ணைப் பிளந்துகொண்டு ஒரு புதிய முளையும் எழுந்திருக்கக் கூடும். அம்முளையைப் பெயர்த்து அவ்வாண்டு புதிதாய் வந்த மாணவர் ஒருவர் கையிற் கொடுக்க. அவரும், ‘எனக்குக் கைராசி இல்லையே’ என்பார். அப்போது என்ன கூறுவது என்பது உமக்குத் தெரிந்திருக்கும்.